வாக்குத்தத்தமும் பலகைகளும்



நம் ஆனையூர் சபை வாலிபர் சிலர் கோடை விடுமுறையில் ரிஷிகேஷுக்குச் சென்று, கங்கையின் வேகநீரில் ராஃப்டிங் செய்ய ஆயத்தமாகிறார்கள். "ஜெபம்பண்ணி அனுப்புங்கள், ஐயா" என்று அவர்கள் கேட்டபோது, ஒகேனக்கலில் நான் வெட்கப்பட்ட ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அன்று பரிசல்துறையில் தந்த லைஃப் ஜாக்கெட் ஈரமாய் நாறிற்று. தோளில் மாட்டிக்கொண்டேனே தவிர வார்ப்பட்டைகளைப் பூட்டவில்லை. "ஜெபம்பண்ணித்தானே ஏறுகிறோம்" என்றேன். பரிசல்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "ஜெபம் பண்ணுங்க ஐயா, வேண்டாங்கல. பெல்ட்டை மாட்டாம பரிசல் நகராது" என்றார். திரும்பிப் பார்த்தேன். உடனிருந்த வாலிபர் மூவரும் என்னைப் பார்த்துத் தங்களுடையதையும் பூட்டாமல் விட்டிருந்தார்கள். மூவருக்கும் நீந்தத் தெரியாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அன்றிரவு மறுபடியும் வாசித்தேன். புயலில் சிக்கிய அக்கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் மூலமாய்ப் பவுலுக்கு வாக்குத்தத்தம் கிடைத்திருந்தது. ஆயினும் கப்பலாட்கள் சிறுபடகில் தப்பியோட முயன்றபோது, அவர்கள் இல்லாமல் மற்றவர்கள் பிழைக்க முடியாதென்று நூற்றுக்கதிபதியை எச்சரித்தவரும் அதே பவுல்தான். முடிவில் சிலர் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக் கரைசேர்ந்தார்கள். கர்த்தருடைய வாக்கு அந்தப் பலகைகளைக் கொண்டே நிறைவேறிற்று. பலகையைத் தள்ளிவிடுவது விசுவாசமல்ல. அது தேவனைப் பரீட்சை பார்ப்பதாகும்.

ஆகவே பிள்ளைகளே, லைஃப் ஜாக்கெட்டையும் தலைக்கவசத்தையும் இறுகப் பூட்டுங்கள். வழிகாட்டியின் சொல்லுக்கு உடனே கீழ்ப்படியுங்கள். நீரில் விழுந்தால், வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறையிடுக்கில் கால் சிக்கினால் வெள்ளம் உங்களைக் குப்புற அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதந்துவாருங்கள். அணையைத் திறந்தால் மழையின்றியும் ஆறு பெருகுமென்பதை வைகைக்கரையில் வாழும் நாம் அறிவோம். "இன்று வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால், கட்டிய பணத்தை நினையாமல் திரும்பிவிடுங்கள்.

பெற்றோரே, மூத்தவர்களே, நம் பின்னால் வருகிறவர்கள் நம்முடைய ஜெபத்தைக் கேட்கிறதோடு நம்முடைய வார்ப்பட்டையையும் பார்க்கிறார்கள்.

கர்த்தர் அவர்களைச் சுகமாய் வீடு சேர்ப்பாராக. ஆமென்.