அண்டை வீட்டு ஆந்தை

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என ஒன்று உண்டோ என்று வடநாட்டார் வினவுவர். துலாவர்ஷ மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, விடியலில் மென்குளிர் பரவும் மார்கழியும் தையுமே நமது குளிர்காலம். ஆந்தையைப் படம் பிடிக்க விழைவோர்க்கு அதுவே நற்பருவம். இணை சேரும் காலம் நெருங்குவதால் அதன் குரல் மிகுதியாகக் கேட்கும்.

இதற்குக் காடு செல்ல வேண்டுவதில்லை. பட்டுப்போன தென்னையின் பொந்திலும் பழைய மாமரத்தின் துளையிலும் புள்ளி ஆந்தை குடியிருக்கின்றது. அந்தி மயங்கியதும் தெருவிளக்கினருகே பூச்சி பிடிக்க வரும். அதன் விழிகள் குழியில் அசையா. ஆதலின் தலையையே திருப்பி நோக்கும். அந்நொடிக்குப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். பொந்தை நெருங்குதலும், மின்னொளி பாய்ச்சி அதன் கண்களைக் கூசச் செய்தலும் தகா.

இங்குக் காலன்கோழி எனப்படும் பெரிய ஆந்தையும் உண்டு. அதன் நடுங்கும் குரலை மரணத்தின் அழைப்பென மலையாள மக்கள் அஞ்சினர். ஆந்தை அலறினால் கேடு என்று நம் இல்லங்களிலும் கூறுவதுண்டு. உண்மையில் அது எலிகளை உண்டு நமக்கு நன்மையே செய்கின்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குக் காவலாய் நிற்கின்றது. எனினும் அச்சத்தால் எறியப்படும் கல்லைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது.

ஆகவே அன்பர்களே, நல்லதொரு படத்தை நம் சிறுவர்க்குக் காட்டுவோம். முகம் கண்டு பழகிய உயிரின்மீது கல்லெறியக் கை எழாது.