மிகைப் பாடல்கள்

சென்ற மாதம் ஒரு மாலை, என் மடிக்கணினித் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி முளைத்தது. கணினிக்குள் ஐந்து வைரஸ்கள் இருப்பதாகவும், உடனே சொடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்றும் அது எச்சரித்தது. மூடினால் அடுத்தது வந்தது. பள்ளியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு சைட்டுல 'அலோ'ன்னு அமுக்கிட்டம்மா" என்றாள். உலாவியின் அமைப்புகளுக்குள் போய், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றிருந்த தளங்களின் பட்டியலில் முன்பின் தெரியாத ஒரு பெயரை நீக்கினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போன பிறகும் நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2005-இல் இதே வேலைக்கு எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு தெருவில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கணினி ஒன்று கூடத்தின் மூலையில் இருந்தது. நான் எம்.ஃபில். ஆய்வேட்டை அதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் மாமனார் மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் எலியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மதுரைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1998 பொங்கலன்று தொடங்கியது, பழைய நூல்களையெல்லாம் காசு வாங்காமல் இணையத்தில் ஏற்றிவைக்கிறார்கள் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். அதன் பிறகு விடியற்காலை ஐந்து மணிக்குக் காப்பியோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவார். எழுத்துரு சரியாக அமையாத நாட்களில் திருவாசகம் முழுவதும் கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். "மாணிக்கவாசகர் பிரெஞ்சு பேசறார், வந்து பாரும்மா" என்று கூப்பிடுவார்.

ஆடி பிறந்திருந்த சமயம் அந்தச் சாளரங்கள் வரத் தொடங்கின. முதலில் சூதாட்டம், கடன் அட்டை, எடை குறைப்பு. பிறகு, வீட்டில் நால்வர் நடமாடும் கூடத்தில் எவரும் பார்க்க விரும்பாத படங்கள். ஒன்றை மூடினால் மூன்று திறக்கும். உலாவியின் முகப்புப் பக்கம் தானாகவே ஏதோ ஒரு தேடுபக்கமாக மாறியிருந்தது. திருத்தி வைத்தால் மறுநாள் மறுபடியும் அதுவே. அதிகாலையில் அதிக நேரம் கணினி முன் இருந்தவர் மாமாதான் என்பதால் பெரும்பாலும் அவர் இருக்கும்போதே அவை வந்தன. ஒரு நாள் காலை மாமியார் காப்பி டம்ளரை எடுக்க வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அன்றைக்கு மாலை என் கணவர் என்னிடம் தணிந்த குரலில், "அப்பா எதையெல்லாம் திறக்கிறார்னு கொஞ்சம் கவனிச்சுக்கோ" என்றார். நான் "சேச்சே" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தியாகராய நகரிலிருந்து கணினி பழுது பார்க்கும் ஒரு பையனை வரவழைத்தோம். பத்து நிமிடம் எதையெதையோ திறந்து மூடிவிட்டு, "ஃபார்மேட் அடிச்சாத்தான் மேடம் போகும்" என்றான். என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அதற்குள் இருந்தன. ஃப்ளாப்பியில் எடுத்துவைத்த பிரதிகளில் பாதி திறக்கவில்லை. வேண்டாம் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "இந்த மாதிரி சைட்டுக்கெல்லாம் போனாத்தான் மேடம் இது வரும். வீட்டுல பெரியவங்க யாராவது பார்த்திருப்பாங்க." மாமா அப்போது நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். தாளை நான்காக மடித்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலை கணினி முன் யாருமில்லை. மாமியார் அதன்மேல் ஒரு பழைய வேட்டித் துணியைப் போர்த்தியிருந்தார்.

பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் விளம்பர மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதி 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2-இலேயே இருந்தது. நாங்களும் அதை ஏற்றியிருந்தோம். ஆனால் அது இணையப் பக்கம் திறக்கிற சாளரத்தைத்தான் தடுக்கும். எங்களுடையது வீட்டுக்குள்ளேயே குடியேறி, உள்ளிருந்தே சாளரத்தைத் திறந்துகொண்டிருந்தது. ஆட்-அவேர், ஸ்பைபாட் என்ற இரண்டு இலவச நீக்கிகளை ஓட்டினேன். நூற்றுக்கணக்கில் பிடித்தன, அழித்தன. மறுமுறை கணினியைத் தொடங்கியபோது எல்லாம் திரும்பி வந்திருந்தன. காரணம் எளிது. ஒன்றுக்கொன்று காவலாக இரண்டு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை உடனே எழுப்பிவிடும். போதாததற்கு, பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் சேமித்துவைக்கும் பிரதிகளுக்குள்ளும் அவை பத்திரமாக இருந்தன.

அடையாற்றில் இருந்த ஒரு தோழியின் கணவர், டைடல் பூங்காவில் வேலை பார்த்தவர், ஹைஜாக்திஸ் என்ற சிறு நிரலை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். மெரெய்ன் பெல்லகோம் என்ற டச்சு மாணவர் எழுதியது; 2007-இல் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மற்ற நீக்கிகளைப் போல அது "இது கெட்டது" என்று தீர்ப்புச் சொல்லாது. கணினி தொடங்கும்போது எவையெவை ஓடுகின்றன, உலாவியோடு எவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று வரிவரியாகப் பட்டியல் மட்டும் தரும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு குறி: முகப்புப் பக்கத்துக்கு ஆர்-0, உலாவியின் துணை நிரல்களுக்கு ஓ-2, தானாகத் தொடங்குபவைக்கு ஓ-4. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பது படிப்பவர் பொறுப்பு.

அந்தப் பட்டியலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது அச்சம் அல்ல, பழக்கப்பட்ட ஒரு சலிப்பு. என் ஆய்வு பதிப்பு வரலாறு பற்றியது. பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து நான் செய்ததும் இதைத்தான்: ஒரு பிரதியை இன்னொன்றோடு வைத்து, எந்த வரி மூலம், எந்த வரி பிறகு நுழைந்தது என்று பார்ப்பது. கம்பராமாயணத்துக்குள் நுழைந்த பாடல்களை வெள்ளியம்பலத் தம்பிரான் தலையில் ஏற்றி 'வெள்ளி பாடல்' என்று சொல்வார்கள். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் மிகைப் பாடல்கள் என்று தனியே அச்சிட்டது எவ்வளவு விவேகமான காரியம் என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. ஏனென்றால், அவசரப்பட்டு நான் அழித்த ஒரு கோப்போடு இணைய இணைப்பே போய்விட்டது. இணையத்துக்குப் போகும் வழியில் சங்கிலிக் கண்ணியாகத் தன்னை மாட்டிக்கொண்டிருந்த நிரல் அது. கண்ணியை உருவினால் சங்கிலி அறுந்துவிடும். மூன்று நாட்கள் இணையம் இல்லை. பிறகு அதே நண்பர் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, கரும்பலகை போன்ற சாளரத்தில் 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்று தட்டினேன். சங்கிலி மறுபடி கோத்துக்கொண்டது.

அதற்குப் பின் நிதானமாகவே போனேன். தோழியின் வீட்டுக் கணினியிலும் அதே பட்டியலை எடுத்து, இரண்டையும் அச்சிட்டு, பென்சிலால் ஒத்துப்பார்த்தேன். அங்கும் இருப்பவை பெரும்பாலும் மூலம். இங்கு மட்டும் இருப்பவை ஐயத்துக்குரியவை. அவற்றைத் தனித்தனியாக விசாரித்தேன். அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளைப் பெயராகக் கொண்டவை ஏழு தேறின. மீட்புப் பிரதிகளை நிறுத்திவிட்டு, எஃப்-8 விசையை அழுத்திப் பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்கினேன். பெரிய பெரிய படவுருக்களோடு வெறிச்சென்று ஒரு திரை. அந்த நிலையில் காவல் நிரல்கள் இரண்டும் எழுவதில்லை. ஏழையும் நீக்கினேன்.

நீக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பதிப்பு வேலையின் பழக்கதோஷம். பிரதியின் காலத்தைக் குறித்துக்கொள்ளாமல் விடக் கூடாது. ஒவ்வொரு கோப்பின் பண்புகளையும் திறந்து, உருவான தேதியைப் பார்த்தேன். ஏழில் ஐந்து ஒரே நாள், ஒரே நிமிடம். மே மாதம், இரவு 11.52. அதே நிமிடத்தில் உருவாகியிருந்த இன்னொரு கோப்புறையும் இருந்தது: ஒரு பதிவிறக்க உதவி நிரல்.

மாமா இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். அந்த நிரலை நிறுவியது நான். தொலைபேசி வழி இணைப்பு பாதியில் அறுந்தால் பெரிய கோப்புகளை முதலிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரல் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. நிறுவும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் வந்தது. விளம்பரத் துணை நிரல்களும் உடன் வரும் என்று அதில் எங்கோ எழுதியிருக்கும். ஒரு சீர் விடாமல் படித்துப் பாடபேதம் குறிக்கும் நான், அதில் ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதைச் சொடுக்கியிருந்தேன். கெட்ட இடத்துக்கு யாரும் போகவில்லை. இப்படி இலவச நிரலோடு ஒட்டி வருவதுதான் இந்த வகையின் முதன்மையான வழி. 2017-இல் ஃபயர்பால் என்ற ஒன்று இப்படியே பரவி உலகில் 25 கோடிக் கணினிகளில் புகுந்திருக்கிறது, இந்தியாவில்தான் மிக அதிகம், இரண்டரைக் கோடி என்று செக் பாயிண்ட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எது எப்படியானாலும், அத்தனை வீடுகளில் எத்தனை பெரியவர்களை யார் யார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்றுதான் அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்தேன்.

வழக்குரை காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஆராயாத தீர்ப்பைப் பற்றி நன்றாகவே பேசுவேன் என்று மாணவிகள் சொல்வார்கள்.

அன்றிரவே கணவரிடம் சொன்னேன். மாமியாரிடம் மறுநாள். மாமாவிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. பூங்காவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். தேதி, நேரம், நிரல் எல்லாவற்றையும் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன். துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "உன் கட்டுரை ஒண்ணும் போகலியே?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் விடியற்காலையில் கணினி முன் உட்கார்ந்தார். ஆனால் திரையைத் தெருவாசல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். உட்காருவதற்கு முன் சமையலறைப் பக்கம் பார்த்து, "நான் கம்ப்யூட்டர் போடறேன்" என்று உரக்கச் சொல்வார். அப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் மாமா என்று நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார். 2012-இல் அவர் காலமாகும்வரை, அந்தக் கணினி போய் வேறு கணினி வந்த பிறகும், ஒரு நாள்கூடச் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை.