சங்கிலியும் கிளிப்பும்

டேங்கர் லாரிக்குப் பின்னால் ஒரு துண்டுச் சங்கிலி 'கிணிங் கிணிங்' என்று தரையைத் தடவிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா லாரியிலும் இருக்காது. இருக்கிற லாரியைப் பார்த்துவிட்டால், பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'அது எதுக்குப்பா?'

அரக்கோணத்திலிருந்து திருத்தணி போகிற சாலையில், ஒரு டீக்கடையில், இதற்கு எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. திருஷ்டிக்கு என்றார் பெரியவர் ஒருவர். இடி விழாமல் இருக்க என்றார் டீ மாஸ்டர். டீ குடிக்க இறங்கிய கிளீனர் பையன்தான் கிட்டத்தட்ட சரியாகச் சொன்னான்: "ஓடுறப்ப வண்டியில கரண்ட் ஏறும் சார். சங்கிலி அதைத் தரைக்கு இறக்கிடும்."

அந்தக் கரண்டுக்குப் பெயர் நிலைமின்சாரம். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அதே சமாச்சாரம். இரண்டு பொருள்கள் ஒட்டி உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. போக வழியிருந்தால் போய்விடும். இல்லையென்றால் தேங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரும்பாலும் தெரியாது. காற்றிலுள்ள ஈரமே அதைக் கசியவிட்டுவிடும். டெல்லிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும்.

லாரிக்குப் போகிற வழி, டயர். 'ரப்பர்ல கரண்ட் பாயாதே' என்பீர்கள். வெறும் ரப்பரில் பாயாது. ஆனால் டயர் வெறும் ரப்பர் இல்லை. பக்கத்தில் இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருப்பதால் அரக்கோணத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல: டயரின் கறுப்பு, உறுதிக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளின் நிறம். அது ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். ஓடும்போது சேர்வது அப்படியே சாலையில் இறங்கிவிடும். 1990களில் கரியைக் குறைத்து சிலிகா சேர்த்த டயர்கள் வந்தபோது, மின்சாரம் இறங்குவதற்கென்றே கடத்தும் ரப்பரில் ஒரு மெல்லிய பட்டையை நடுவில் வைத்தார்கள்.

ஆக, சங்கிலி? அது குதித்துக் குதித்துப் போகிறது. காய்ந்த தார்ச்சாலை நல்ல கடத்தியும் இல்லை. டயர் செய்யாத எதையும் அது பெரிதாகச் செய்துவிடுவதில்லை.

உண்மையான ஆபத்து லாரி ஓடும்போது இல்லை. நின்றபின் வருகிறது. பெட்ரோல் குழாயில் வேகமாகப் பாயும்போது அதிலேயே மின்சாரம் ஏறும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும். கதவுக் கைப்பிடியில் 'சுள்'ளென்று வாங்குகிறோமே, அந்த ஷாக்கிலேயே அதைவிட அதிகம் இருக்கலாம். அதனால்தான் பங்க்கில் ஹோஸை மாட்டும் முன்பே எர்த் கிளிப்பை மாட்டவேண்டும் என்று விதி. அதுவும் பெயின்ட் மேல் அல்ல, சுத்தமான உலோகத்தில். சில நிமிடம் பொறுத்துத்தான் திறக்கவேண்டும். டேங்கை நிரப்பும்போது, குழாயின் வாய் முழுகும்வரை விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பார்கள்.

அதிகப்படி என்று தோன்றுகிறதா? 1969 டிசம்பரில், மூன்று வாரத்துக்குள் மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. காலித் தொட்டிகளைத் தண்ணீர் பீச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நீர்த்திவலையில் சேர்ந்த நிலைமின்சாரத்தின்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

1992-ல் அரக்கோணத்தில் தொடங்கிய கடற்படை விமானதளம் ஐ.என்.எஸ். ராஜாளியைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். விமானத்தின் இறக்கை ஓரத்தில் பென்சில் கனத்தில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தைக் காற்றில் கசியவிட. ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் கொக்கியை முதலில் தரையையோ கடலையோ தொடவிட்டுத்தான் ஆள் தொடவேண்டும். சுழலும் விசிறி அவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்திருக்கும்.

நம் ஊரில் பெரிய வீட்டு வண்டி என்றால் சினிமாக்காரர்களின் கேரவன்தான். அதன் கைப்பிடி ஒருமுறை 'சுள்'ளென்று அடித்துவிட்டுச் சும்மா இருந்தால் நிலைமின்சாரம். சிரித்துவிட்டுப் போகலாம். தொட்டபோதெல்லாம் 'விர்'ரென்றால் அது ஜெனரேட்டர் கரண்ட், லீக் ஆகிறது. எந்தச் சங்கிலியும் உதவாது. விலகி நின்று, மெயினை அணைக்கச் சொல்லி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடவேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பது உயிருக்கு ஆபத்து.

அடுத்த முறை பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் சங்கிலியைத் தேடாதீர்கள். கிளிப்பைத் தேடுங்கள். மாட்டியிருந்தால் நிம்மதி. மாட்டாவிட்டால் எடுத்துச் சொல்லுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று.