பதினோரு காயில்

மாமாவின் போன் வந்தபோது இரவு பதினொன்றரை. "மாப்ள, நீ கம்ப்யூட்டர்காரன்தானே, ஒரு எக்செல் போட்டுக் குடு" என்றார். வழக்கமான கிண்டல் குரலில் இல்லை.

கோவையில் அவருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற சின்னப் பட்டறை. பம்பு மோட்டாருக்குள் அடுக்கடுக்காக மெல்லிய தகடு இருக்குமே, அதை வெட்டித் தருவது. இங்கத்த மில்லுங்க நம்மள மாதிரி ஆளுக்கு எங்க சரக்கு தர்றாங்க என்று நொந்துபோய், முதல்முறையாகத் தானே சீனாவிலிருந்து சிலிக்கான் ஸ்டீல் இறக்கியிருந்தார். ஒரு கண்டெய்னர், பதினோரு காயில். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் நிறுத்திவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை.

2016 பி.ஐ.எஸ். சட்டப்படி, தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும் பொருளை முத்திரை இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. இந்த ஸ்டீலுக்கு ஐ.எஸ். 648. அதற்கான உரிமம் மாமாவைப் போன்ற இறக்குமதியாளருக்குக் கிடையாது, வெளிநாட்டு ஆலைக்குத்தான். அதுவும் ஆலை முகவரி வாரியாக. மில்லுக்கு உரிமம் இருந்தது. ஆனால் சரக்கு மில்லிலிருந்து நேராக வரவில்லை. நடுவில் ஒரு ஸ்லிட்டிங் பட்டறை, அகலக் காயிலை நீளவாக்கில் கிழித்து, மறுபடி சுற்றி அனுப்பியிருக்கிறது. முத்திரை ஒட்டிய மேலுறை அங்கேயே குப்பைக்குப் போய்விட்டது. கிழித்தவனுக்கு உரிமம் இல்லை. அப்படியானால் இதைத் தயாரித்தது யார்? மில்தான் என்றார் கிளியரிங் ஏஜென்ட். நிரூபியுங்கள் என்றார் அதிகாரி. 1962 கஸ்டம்ஸ் சட்டத்தின் 111ஆவது பிரிவில் பறிமுதல் செய்யவே இடமிருக்கிறது. டெமரேஜ் வேறு நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சீனாவில் 50டபிள்யூ470, ஜப்பானில் 50ஏ470, ஐரோப்பாவில் எம்470-50ஏ. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. அரை மில்லிமீட்டர் தகடு, 50 ஹெர்ட்ஸில், 1.5 டெஸ்லாவில், கிலோவுக்கு 4.70 வாட்டுக்கு மேல் வீணாக்கக் கூடாது. ஒரே வேரியபிளுக்கு ஊருக்கொரு பெயர் வைத்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். ஆபீசில் நாங்களும் அதைத்தானே செய்கிறோம்.

ஏஜென்ட் அனுப்பிய ஸ்டிக்கர் போட்டோக்களை ஒரு பக்கம், மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டின் தாய்க்காயில் எண்களை மறுபக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது பொருந்தியது. இரண்டு பொருந்தவில்லை. எண்ணை மாற்றிப் படித்துவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். அந்த இரண்டும் எந்த மில்லிலிருந்து வந்தன என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

"ரெண்டு காயில் சேரலைங்க மாமா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதையும் ஏதாவது ஒரு நம்பர்ல சேத்திப் போட முடியாதா மாப்ள?"

முடியும். ஒரு செல்லில் ஆறு எழுத்து, அவ்வளவுதான். அதே டன், அதே பளபளப்பு. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. 470க்குப் பதில் அது 800 தரமாக இருந்தால், பத்துக் கிலோ கோரில் 47 வாட்டுக்குப் பதில் 80 வாட் சூடாகிப் போகலாம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புக்குக் கரண்ட் இலவசம். இந்த இழப்பு பில்லில் தெரியாது, வைண்டிங் கருகும்போதுதான் தெரியும். எங்கள் பெரியப்பா தோட்டத்து மோட்டார் ஒரே கோடையில் இரண்டு முறை எரிந்து, கடலை காய்ந்து நின்றதைப் பார்த்தவன் நான். அது எதனால் எரிந்தது என்று யாருக்குத் தெரியும்? மெக்கானிக் வோல்டேஜைத்தான் திட்டினார்.

இரண்டு வரிசைக்கும் மஞ்சள் அடித்து அனுப்பினேன். "சேரலைன்னே இருக்கட்டுங்க மாமா" என்று மட்டும் கீழே எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டுக் கிடாவெட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்.

அவர் அந்தத் தாளை அப்படியே கொடுத்தார் என்பது எனக்கு ஏஜென்ட் சொல்லித்தான் தெரியும். மில்லிடமிருந்து கடிதம் வாங்கி, விசாரணை முடிந்து, ஒன்பது காயில் அபராதம் கட்டி வெளியே வந்தது. இரண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. டெமரேஜையும் கழித்தால் அந்தச் சரக்கில் நஷ்டம்தான்.

பொங்கலுக்குப் பட்டறைக்குப் போயிருந்தேன். பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. மாமா டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ரெண்டுல என்ன மாப்ள இருந்திருக்கும்?"