வச்சிரம்

1996 டிசம்பரில் ஜெர்மானிய இசைக்கலைஞர் நால்வர் திருச்சிக்கு வந்தனர். இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. உபசரிக்கும் பொறுப்பு என்னுடையது. காரமில்லா உணவு, காய்ச்சி ஆறிய நீர், கொசுவலை யாவும் தேடிவைத்த நான், செல்லோவை மட்டும் வெயிலில் நின்ற வண்டியிலேயே மறந்தேன். அதன் விளிம்பில் ஒட்டு விட்டிருந்தது. தலைகுனிந்து நின்றேன்.

முதிய கலைஞர் கடிந்துகொள்ளவில்லை. "ஒட்டு விட்டதால்தான் மரம் பிளக்கவில்லை. அதற்காகவே தோலிலிருந்து காய்ச்சிய பசையை இடுகிறோம்" என்றார். நம் தச்சர்களின் வச்சிரமும் அத்தகையதே. பெயரில் வன்மை, குணத்தில் நெகிழ்ச்சி! அவர் சொன்னபடி ஊர்த் தச்சர் அன்றிரவே ஒட்டி இறுக்கிவைத்தார்.

மறுநாள் மாலை, திரைக்குப் பின்னால் நின்று அந்த நாதத்தைக் கேட்டேன். விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று இல்லையேல், உறவுகளும் பிளந்துதானே போகும்?