லேனியர் ஏரியில் ஒரு வெள்ளி மீன்

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு லேனியர் ஏரி என்றால் பார்பிக்யூ, படகுச் சவாரி, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கரையில் நிற்க வைத்து ஒரு போட்டோ. அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பையன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் வரை. மீன் பிடிக்கப் போகணும்னு அவனாகவே கேட்டான். இதையாவது கேட்டானே என்று கிளம்பிவிட்டேன்.

சட்டாஹூச்சி ஆற்றை 1950களில் பியூஃபர்ட் அணை கட்டித் தேக்கியதில் உண்டான ஏரி இது. ஜார்ஜியாக் கவிஞர் சிட்னி லேனியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அணைப் பக்கம் தண்ணீர் நல்ல தெளிவு. அந்தத் தெளிவில்தான் விஷயமே இருக்கிறது.

இங்குள்ள ஸ்பாட்டட் பாஸுக்குப் பிடித்த தீனி புளூபேக் ஹெர்ரிங். நம்மூர்ச் சாளைக்குச் சொந்தக்கார மீன், அதே வெள்ளி மினுமினுப்பு. மே மாத வாக்கில் கரையோரத் திட்டுகளில் முட்டையிடக் கூட்டமாக வரும். பின்னாலேயே பாஸும் வரும். கோடையில் பாஸ் ஆழத்துக்கு இறங்கி, மீன்பிடிக்காரர்கள் போட்டு வைத்த மரக்கிளைக் குவியல்களில் ஒதுங்கிக்கொள்ளும். ஆனாலும் மேலே ஹெர்ரிங் துடிப்பது கண்ணில் பட்டால் இருபது அடி கீழேயிருந்தும் பாய்ந்து வரும்.

அந்தத் துடிப்பைக் காட்டத்தான் மிதக்கும் பொம்மை மீன், சுருட்டு வடிவில். கம்பின் நுனியைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டே வரும். கடையில் நகை பார்க்கிற மாதிரி பார்த்து, இருப்பதிலேயே பளபளவென்ற குரோம் ஒன்றை எடுத்தேன். குரோம் என்பது பேருக்குத்தான். பலவற்றில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக் மேல் படிய வைத்து, அதன்மேல் வார்னிஷ் அடித்திருப்பார்கள். பல் பட்டால் உரியும், பாறை பட்டாலும் உரியும்.

மூன்று சனிக்கிழமை, விடிவதற்கு முன்னாலேயே போய் வீசினேன். ஒன்றும் இல்லை. எலும்பு வெள்ளை நிறத்தில் வீசிய பையனுக்கு மட்டும் இரண்டு மாட்டியது.

"அப்பா, அது கண்ணாடி மாதிரி. வெளிச்சம் இருந்தாதானே திருப்பிக் காட்டும்? வானம் சாம்பலா இருந்தா அதுவும் சாம்பல்."

இதைச் சொல்ல மூன்று வாரமா என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றான்.

அன்று ஒன்பது மணி வாக்கில் வெயில் ஏறியது, இளங்காற்றில் தண்ணீர் லேசாகச் சிலுசிலுத்தது. "இப்ப போடுங்க" என்றான். ஒவ்வொரு சுண்டலுக்கும் குரோம் பளிச் பளிச்சென்று வெட்டியது. அலையின் மேல் அது வந்துவந்து மறைவதால் மீனுக்கு உற்றுப் பார்த்துச் சந்தேகப்பட நேரமில்லை. தண்ணீர் சலனமே இல்லாமல் கிடந்தால் அதே பளபளப்பு அதிகப்படி. பின்னாலேயே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், அதையும் பிறகு பார்த்தோம். ஐந்தாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. கை நடுங்கிப்போய் நான் கம்பைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவன்தான் பின்னாலிருந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டான், சைக்கிள் பழக்கும்போது நான் அவனைப் பிடித்த மாதிரி. போட்டோ எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டோம்.

வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அடுத்த வருஷம் 16 வயசு. மீன்பிடிக்க லைசென்ஸ் வாங்கணும், கார் ஓட்டவும் லைசென்ஸ் வாங்கலாம். அப்புறம் இந்த ஏரிக்கு யாரோடு வருவாய் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

"உங்க குரோம்ல வால் பக்கம் உரிஞ்சிருக்கு" என்றான். "இன்னொண்ணு வாங்குங்க. மேகம் போட்ட நாளுக்கு எலும்பு வெள்ளையும் ஒண்ணு."