கடம்பூர் வரைக்கும்

1978 பங்குனியில் அம்மாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மில் இருந்தது. ராத்திரி ஷிப்ட் மாறும்போது அதன் சங்கு நீளமாக ஊதும். அந்தச் சத்தம் கேட்கிறவரை விழித்திருக்கிற பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது. அந்தப் பங்குனியில் பெரும்பாலான ராத்திரிகளில் நான் அதைக் கேட்டேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இதை யாரும் எனக்கு நேராகச் சொல்லவில்லை. ஆச்சியும் பக்கத்து வீட்டு அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். மயில்துத்தம் கலந்த பசை வாடை தெருவரை வரும். கை நிற்காமல் ஓட, குரல் மட்டும் தாழும். அப்படித் தாழும்போதுதான் என் காது நீளும். ‘கீறித்தான் எடுக்கணுமாம்.’ ‘ரத்தம் ஏத்தணுமாம்.’ பகலில் இந்த வார்த்தைகள் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடம், பம்பரம், மதியச் சோறு என்று எங்கோ அடியில் கிடக்கும். விளக்கை அணைத்ததும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எதைக் கொண்டு கீறுவார்கள்? யாருடைய ரத்தம்? அது போதாவிட்டால்?

அதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருந்தது. அம்மா புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் புதுச் செருப்பு கேட்டு அடம்பிடித்தேன். அம்மா மஞ்சள் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். “வந்து வாங்கித் தாரேன்” என்றாள். “நீ ஒண்ணும் வர வேண்டாம், போனா போ” என்று கத்திவிட்டு வெளியே ஓடினேன். அம்மா பதில் சொல்லவில்லை. நீலச் சேலை ஒன்றை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். திரும்பிப் பார்த்தபோது அந்தக் கைதான் கண்ணில் பட்டது. மறுநாள் விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ‘போனா போ’ என்ற இரண்டு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் அந்த ராத்திரிகளில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டில். ஒன்றில் நான், ஒன்றில் தாத்தா. புழுக்கத்துக்குத் தலையணையைத் திருப்பிப் போடுவேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் சுட்டுவிடும். ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சு அடிப்பது கட்டில் கயிற்றில் கேட்கும். ஒரு நினைப்பு முடிவதற்குள் இன்னொன்று அதன் முதுகில் ஏறும். கட்டி, கத்தி, ரத்தம், செருப்பு, நீலச் சேலை, போனா போ. மறுபடி கட்டி. உறங்க வேண்டும் என்று கண்ணை இறுக்கினால் இன்னும் வேகமாகச் சுற்றும்.

தாத்தா அம்மாவின் அப்பா. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வாழ்க்கை ராத்திரி டூட்டி பார்த்த உடம்பு. அவருக்கும் சட்டென்று உறக்கம் பிடிக்காது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சங்கு ஊதி அடங்கிய பிறகு, இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

“என்னய்யா, உறக்கம் வரலையா?”

“நினைப்பா வருது தாத்தா.”

“என்ன நினைப்பு?”

நான் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. இன்றுவரை அதற்காக அவரை நினைத்துக்கொள்கிறேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் ஆச்சி எழுந்திருப்பாள், விளக்குப் போடுவார்கள். அவர் கட்டிலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி வா, திருநவேலிக்குப் போவோம்” என்றார்.

இப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், மணியாச்சி, நாரைக்கிணறு, கங்கைகொண்டான், தாழையூத்து, திருநெல்வேலி. 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்போது மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். கரி வண்டியில் தாத்தா என்னை உடனே ஏற்றிவிடவில்லை. முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குக் கூட்டிப்போனார்.

“மேசைக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். மாஸ்டர் அதுல ஒரு பொத்தானை அமுக்குவாரு. குமாரபுரத்துல மணி அடிக்கும். வண்டி அனுப்பட்டுமான்னு கேக்காருன்னு அர்த்தம். அங்க இருக்கவரு சரின்னு திருப்பி மணி கொடுத்தாத்தான் இங்க பெட்டிக்குள்ள இருந்து குண்டு உருண்டு வெளிய வரும். இரும்புக் குண்டு. உன் கையில வச்சா கை நெறஞ்சு போவும். அதைத் தோல் பையில போட்டு, பிரம்பு வளையத்துல மாட்டி, டிரைவர் கையில கொடுக்கணும். அது இல்லாம வண்டி ஒரு அடி நகரக் கூடாது.”

“ரெண்டு வண்டிக்கு ரெண்டு குண்டு கொடுத்தா?”

“வராது. ஒரு குண்டு வெளிய வந்துட்டா, அது அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள்ள போய் விழுகிற வரைக்கும் இந்த முனையிலயும் வராது, அந்த முனையிலயும் வராது. பிள்ளையாரே வந்து கேட்டாலும் வராது. ஒரு செக்‌ஷனுக்கு ஒரு வண்டிதான்.”

“மத்த வண்டியெல்லாம்?”

“அவுட்டர்ல நிக்கும். நிக்கட்டும். நீ வெரட்டாத. ஊதிக்கிட்டே நிக்கட்டும். நம்ம வண்டி மட்டும் போவும்.”

கட்டியும் கத்தியும் நீலச் சேலையும் எங்கள் ஊர் அவுட்டர் கைகாட்டிக்கு அந்தப் பக்கம் புகைவிட்டுக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். போகச் சொல்லவில்லை. நின்றன. தாத்தா என் கையில் வளையத்தைக் கொடுத்தார், வண்டி கிளம்பியது.

அவர் அவசரப்படவே மாட்டார். ஊர் தாண்டி லெவல் கிராசிங்கில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பார். மாட்டு வண்டி என்பேன். என்ன பாரம் என்பார். பருத்தி மூட்டை. எத்தனை? பிறகு இரண்டு பக்கமும் கரிசல் காடு. அறுவடை முடிந்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கைவிட்டால் முழங்கை வரை போகும் என்பார். உள்ளே குளிர்ச்சியாக இருக்குமா சூடாக இருக்குமா என்று கேட்பார். யோசிப்பேன். தூரத்தில் குருமலை. குமாரபுரம் வரும். ஊரே இல்லாத ஸ்டேஷன் அது. ஒரு கட்டடம், ஒரு விளக்கு, சுற்றிலும் வெறுங்காடு. கு. அழகிரிசாமி அதே பெயரில் ஒரு கதை எழுதியிருக்கிறார் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். இடைசெவல்காரர், அவருக்கு அந்தக் காடு தெரியாமல் இருக்குமா. எனக்கு அந்த ஸ்டேஷன் அதற்கு முன்பே தாத்தா குரலில் கட்டிமுடிக்கப்பட்டிருந்தது. விளக்கில் மோதும் பூச்சிகள். பழைய குண்டைக் கொடுத்துப் புதுக் குண்டை வாங்கும்போது பிரம்பு வளையம் காற்றில் விர்ரென்று எழுப்பும் சத்தம். ஓடுகிற வண்டியில் மாற்றும்போது வளையம் தோளில் அடித்துக் கன்றிப்போன தழும்பை ஒருநாள் இருட்டிலேயே என் விரலை எடுத்துத் தொட வைத்தார். சொரசொரவென்று இருந்தது.

பிறகு கடம்பூர். அங்கே வண்டி நிறைய நேரம் நிற்கும். போளி விற்கிறவர்கள் வருவார்கள். “எந்தப் போளி வேணும்?” என்பார் தாத்தா. அதை வாங்குவதற்குள் பெரும்பாடு. முதலில் சில்லறையை எண்ண வேண்டும். கூடையின் மேல் துணி விலக வேண்டும். சூடான நெய் வாசனையும் ஏலக்காய் வாசனையும் ஜன்னல் கம்பி வழியாக வர வேண்டும். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்ததும் இலை சூட்டில் வதங்கிக் கருப்பதைப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து பிய்க்கணுமா நடுவிலிருந்தா? மேலே மெல்லிய தோல். உள்ளே பூரணம் நாக்கில் மாவாகக் கரைய வேண்டும். நெய் மணிக்கட்டு வரை வழியும்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை. கடம்பூரைத் தாண்டி ஒரு ராத்திரிகூடப் போனதில்லை.

தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் நானே தனியாகப் போய்ப் பார்த்தேன். கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், மணியாச்சி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். திருநெல்வேலி போய்த் திரும்பி வந்து, மறுபடி போனேன். உறக்கம் வரவில்லை. மேலே ஊர்ப் பெயர்கள் ஓட, அடியில் ‘போனா போ’ தன் பாட்டுக்கு ஓடியது. தாத்தாவிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து, “நிக்காமப் போனா அது எக்ஸ்பிரஸ்லா? நம்மது பாசஞ்சர். ஒவ்வொரு எடத்துலயும் எறங்கிப் பாரு” என்றார்.

பல வருஷம் கழித்து, பிழைப்பும் கடனும் என் ராத்திரிகளைத் தின்ற ஒரு காலத்தில், உறக்கத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆக்ஸ்போர்டில் அலிசன் ஹார்வி, சூசன்னா பெய்ன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. உறக்கம் வராமல் அவதிப்பட்ட 41 பேர். ஒரு பகுதியினரிடம் மனதுக்கு இதமான, ஆர்வமூட்டும் ஒரு காட்சியைக் கண்முன் கொண்டுவந்து அதிலேயே இருக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் கவலைகளை விட்டு மனதை வேறு எதிலாவது திருப்புங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மிச்சமிருந்தவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. காட்சிக்குள் போனவர்கள்தான் சீக்கிரம் உறங்கினார்கள். விவரமான ஒரு காட்சி மனதில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, கவலைக்கு நுழைய வழி இருப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாழையிலை வதங்குவதைப் பார் என்று தாத்தா ஏன் அத்தனை பிடிவாதமாகச் சொன்னார் என்பது நாற்பது வயதில் புரிந்தது.

மணியாச்சியைப் பற்றி மட்டும் தாத்தா ராத்திரியில் பேசமாட்டார். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த ஜங்ஷனில்தான். அந்தக் கதையைப் பகலில் மட்டும் சொல்வார். எந்தப் பெட்டி, எங்கே நின்றது, அதே பிளாட்பாரத்தில் வாஞ்சி எங்கே ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று கையை நீட்டி நீட்டி விவரிப்பார். நான் ராத்திரியில் கேட்டால், “அது முழிக்கிற கதை, இப்ப வேண்டாம்” என்பார். இப்போது அந்த ஸ்டேஷனுக்கே வாஞ்சி மணியாச்சி என்றுதான் பெயர்.

ஆபரேஷன் முடிந்த சேதி தந்தியில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் தாத்தா என்னைக் கூட்டிப்போனார். முதல் முறையாக நிஜமான வண்டி. ஜன்னலோரம் என்னுடையது. கரி கண்ணில் விழுந்து விழுந்து சிவந்துபோயிற்று. குமாரபுரத்தில் விளக்குக் கம்பம் நான் நினைத்திருந்ததைவிடக் குட்டை. கடம்பூரில் நான் சொல்வதற்கு முன்பே தாத்தா இறங்கிவிட்டார். ஆறு போளி. “இது அம்மாவுக்கு, கை வைக்காத” என்று பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அதன் சூடு கால்சட்டை வழியாகத் தொடையில் இறங்கியது.

கடம்பூர் தாண்டியதும் எனக்குப் பயம் வந்தது. இனி வருகிற இடமெல்லாம் நான் பார்க்காதவை. கண் சொருகிவிடுமோ என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாரைக்கிணற்றில் நாரையும் இல்லை, கிணறும் தென்படவில்லை. தாழையூத்தில் சிமெண்ட் ஆலைத் தூசி, வேலிக்காத்தான் இலைகூட வெள்ளையாக இருந்தது. திருநெல்வேலியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் சுலோச்சன முதலியார் பாலம் தாண்டினோம். பங்குனித் தாமிரபரணியில் மணல்தான் அதிகம். நடுவில் ஒரு கிளை மட்டும் பளிச்சென்று ஓடியது.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அதே நீலச் சேலை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து, ஒரு போளியைப் பிய்த்து, பெரிய துண்டை முதலில் என் வாயில் வைத்தாள். விரல் ஜில்லென்று இருந்தது.

“ராத்திரி உறங்குதியா?”

“கடம்பூர்ல உறங்கிருவேன்மா.”

அவள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உன்னையும் ஏத்தி விட்டுட்டாரா வண்டியில?” என்று சிரித்தாள். சிரிக்கும்போது தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சின்னப்பிள்ளையில எனக்கும் இதே வண்டிதான். இங்க வந்த பெறகு நான் இங்கேருந்து ஏறுதேன். தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு. கோவில்பட்டி வந்து உன்னப் பாக்கணும்னுதான் கெளம்புவேன். மணியாச்சியில கண்ண அசத்திரும்.”

மணியாச்சிக்கும் கடம்பூருக்கும் நடுவே ஒரே ஒரு செக்‌ஷன். வரும்போது ஜன்னலில் பார்த்த தூரம்தான். ஊருக்குத் திரும்புகிற வண்டியில் தாத்தாவிடம் கேட்டேன், எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒற்றைத் தடத்தில் என்ன செய்வார்கள் என்று. முதலில் வருகிற வண்டியை லூப் லைனில் போட்டு நிறுத்துவார்கள், எதிர்வண்டி வந்து சேருகிறவரை அது அங்கேயே காத்திருக்க வேண்டும் என்றார்.

அன்று ராத்திரி தாத்தாவை நான் கூப்பிடவில்லை. கடம்பூரில் போளி வாங்கவில்லை. வாங்கினால் உறங்கிவிடுவேன் என்று தெரியும். குண்டை வாங்கிக்கொண்டு நேராகப் போனேன். கைகாட்டி இறங்கியிருந்தது. மணியாச்சியில் வண்டியை லூப் லைனில் நிறுத்திவிட்டு பிளாட்பாரத்தில் இறங்கி நின்றேன். காற்றில்லை. தெற்கே தண்டவாளம் இரண்டு கோடாக இருட்டுக்குள் போயிற்று. அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன். எதிர்வண்டியின் வெளிச்சம் எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மில் சங்கு ஊதியதையும் நான் கேட்கவில்லை.